ஜெபம் பண்றேன்னு வாக்கு குடுத்துட்டு மறந்துட்டேன்... இப்ப ஊழியத்தை நிறுத்தணுமா?

கவுண்டர்_3 எழுதியது:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், இன்னைக்கு எழுதலைன்னா தூக்கம் வராது போல, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நான் மதுரைல ஒரு பேங்க்ல கேஷ் கவுண்டர்ல இருக்கேன். சர்ச்ல வாலிபர் ஐக்கியத்துல செக்ரட்டரி. ரெண்டாவது சனிக்கிழமை லீவுன்னா நாங்க ஒரு பதினஞ்சு பேரு கைப்பிரதி எடுத்துட்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போயிருவோம், வி.பி.எஸ்ல (லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் ஸ்கூல்) பாட்டு சொல்லிக் குடுக்குறது நான்தான், டிசம்பர் வந்தா கேரல்ஸுக்கு வேன் பேசுறது நான்தான். ஆயர் கூட எங்க அம்மாகிட்ட "நல்ல வைராக்கியமான பையன்"னு சொல்லிருக்காரு.

எனக்குப் பக்கத்து கவுண்டர்ல ஒரு சார், அம்பது வயசு தாண்டினவர், மீனாட்சி அம்மனைக் கும்பிடாம வேலைக்கு வர மாட்டாரு. ரெண்டு மாசம் முன்னாடி மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுட்டு சாப்பிடாமயே உக்காந்திருந்தாரு. என்ன சார்னு கேட்டேன். அவங்க அம்மாவுக்கு இதயத்துல வால்வு கெட்டுப்போச்சாம், வயசு எழுபத்தி நாலு, ஆபரேஷன் தாங்குவாங்களான்னு பயமா இருக்குன்னாரு. அப்புறம் "தம்பி நீ சர்ச்சுக்கெல்லாம் ஒழுங்கா போற பையன், எங்கம்மாவுக்கு கொஞ்சம் ஜெபம் பண்ணுப்பா"ன்னாரு. கண்டிப்பா பண்றேன் சார்னு சொன்னேன். சொல்லிட்டு போய் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

நேத்து சாயங்காலம் கேஷ் டேலி ஆகி நோட்டுக்கட்டுக்கு ஸ்லிப் சுத்திட்டு இருக்கேன், அவர் பக்கத்துல வந்து மெதுவா "அம்மாவுக்குப் பண்ணிட்டு இருக்கியா தம்பி?"ன்னு கேட்டாரு. நான் ஒரு நாள் கூட பண்ணல. ஒரே ஒரு நாள் கூட. ஆனா வாயில "ம்"னு வந்துருச்சு. அவர் சொன்னாரு, "நீ பண்றன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன், அதைக் கேட்டதுல இருந்து அவங்களுக்கு ஒரு தைரியம்". கையில இருந்த கட்டை எத்தனை தடவை எண்ணினேன்னு எனக்கே தெரியல.

வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா, நான் தனியா முழங்கால் போட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு கணக்கு தெரியல. பைபிளைத் திறக்குறது வாலிபர் கூட்டத்துக்கு மெசேஜ் ரெடி பண்ண மட்டும்தான். ஆண்டவர்கிட்ட நான் பேசுறதே இல்ல, அவரைப் பத்தி மட்டும் ஊரெல்லாம் பேசிட்டு இருக்கேன். அடுத்த மாசம் உசிலம்பட்டி பக்கம் கிராம ஊழியம் இருக்கு. நிறுத்திட்டு முதல்ல என்னைச் சரி பண்ணணுமா, இல்ல போய்ட்டே இருந்தா தானா சரியாகுமா? மழுப்பாம சொல்லுங்க.

---

எரியும்_விளக்கு எழுதியது:
பிரதர், நிறுத்தவே நிறுத்தாதீங்க. நிறுத்து நிறுத்துன்னு உள்ள கேக்குற சத்தம் ஆண்டவரோடது இல்ல. ரோமர் 10:14 என்ன சொல்லுது, பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்? நாம சுத்தமான பிறகுதான் போவோம்னு இருந்தா ஒருத்தனும் போக மாட்டான். நான் பதினோரு வருஷமா பஸ் ஸ்டாண்ட்ல கைப்பிரதி குடுக்குறேன், நூறு பேர்ல தொண்ணூறு பேர் கீழ போட்டாலும் பத்து பேர் பாக்கெட்ல வைக்கிறான், அந்தப் பத்துக்காகத்தான் நிக்கிறேன். அந்த சார்கிட்ட நாளைக்கே ஒரு புதிய ஏற்பாடு குடுத்துருங்க.

---

நாசரேத்_அக்கா எழுதியது:
தம்பி, நான் திருநெல்வேலி பக்கத்துக்காரி, அறுபத்தொண்ணு ஆகுது, ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆயிட்டேன். மேல ஒரு பிரதர் எழுதினதுல பாதி சரி. ஆனா எனக்கு உங்க கேள்வியே வேற மாதிரி தெரியுது.

மாற்கு 3:14 எடுத்துப் பாருங்க. பன்னிரண்டு பேரை எதுக்கு ஏற்படுத்தினாருன்னு போட்டிருக்கு. "தம்மோடுகூட இருக்கவும்", அது முதல்ல. "பிரசங்கம்பண்ணும்படியாகத் தாம் அவர்களை அனுப்பவும்", அது அடுத்தாப்புல. ரெண்டும் ஒரே வசனத்துலதான் இருக்கு, அதனால இது பண்ணட்டா அது பண்ணட்டான்னு கேக்குற கேள்வியே இல்ல. ஆனா வரிசை இருக்கு பாத்தீங்களா. கூட இருக்காதவனை எங்கன இருந்து அனுப்புவாரு?

எங்க ஆச்சி ஒண்ணு செய்வா. உலைல அரிசி போடுததுக்கு முந்தி ஒரு கைப்பிடி எடுத்து மூலைல இருக்க தனிப் பானைல போடுவா. ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போவும், மிஷனரிமாருக்குன்னு. எங்க பக்கம் எத்தனையோ வீட்டுல இது உண்டு. நான் சொல்ல வந்தது அரிசி இல்ல. அந்தக் கைப்பிடியை எடுக்கும்போது ஆச்சி வாய் அசையும். ஒவ்வொரு தடவையும் ஒரு பேர். பக்கத்து வீட்டு மாமா குடியை விடணும், தூத்துக்குடில இருக்க சின்னவனுக்கு வேலை கிடைக்கணும், இப்படி. அவ எழுதப் படிக்கத் தெரியாதவ, கைப்பிரதி குடுத்தவளும் இல்ல. ஆனா ஊருல ஒரு வீட்டுல காய்ச்சல்னா சாதி சமயம் பாக்காம ஆச்சியைத்தான் கூப்பிட்டு விடுவாவ, "அந்தக் கிழவி ஜெபம் பண்ணா மறக்க மாட்டா"ன்னு.

அந்த மறக்க மாட்டாங்கிற வார்த்தைதான் தம்பி. உங்க சார் உங்ககிட்ட கேட்டதும் அதைத்தான்.

---

கூடல்_வாசி எழுதியது:
நான் கிறிஸ்தவன் இல்ல, இந்தக் குழுவுல பொதுப் பகுதிக்கு வர்றவன், தலைப்பைப் பாத்து உள்ள வந்துட்டேன். தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.

நாலு வருஷம் முன்ன எங்க அப்பாவை ஒரு ஆஸ்பத்திரில ஐ.சி.யூல வச்சிருந்தோம். வெளிய வராண்டால நானும் தங்கச்சியும் தரையில உக்காந்திருந்தோம், டாக்டர் அப்பதான் நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டுப் போறாரு. ஒருத்தர் வந்தாரு, பேர் கேக்கல, யாருக்கு என்னன்னு கேக்கல, ஒரு துண்டுப்பிரசுரத்தை மடியில போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போய்ட்டாரு. அதுல "மரித்தால் எங்கே போவாய்?"னு பெரிய எழுத்துல இருந்துச்சு. என் தங்கச்சி அதைப் பாத்துட்டு அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல இருக்கு. அவர் நல்ல எண்ணத்துலதான் குடுத்திருப்பாரு, சந்தேகமே இல்ல. ஆனா பக்கத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தா நானே கேட்டிருப்பேன், நீங்க யாருங்க, என்ன சாமின்னு.

உங்க சார் உங்ககிட்ட வந்து அவரே கேட்டிருக்காரு. அது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

---

எரியும்_விளக்கு எழுதியது:
கூடல்_வாசி நண்பா, படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் தோணல. அப்பாவுக்கு நடந்ததுக்கு வருத்தப்படுறேன். அந்த ஆள் நானா கூட இருந்திருக்கலாம், அது மாதிரி வராண்டால நானும் குடுத்திருக்கேன். மன்னிச்சுக்கோங்க.

ஆனா சொல்றதையே விட்டுட முடியாதுங்க, அரசியலமைப்புல 25வது பிரிவே மதத்தைப் பரப்புற உரிமையையும் சேத்துத்தான் குடுத்திருக்கு.

---

கூடல்_வாசி எழுதியது:
உரிமை இருக்கு, அதுல எனக்குச் சண்டை இல்ல. 1977ல சுப்ரீம் கோர்ட்டு அதே பிரிவுக்கு விளக்கம் சொல்லுச்சு, கொள்கையை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், ஆனா இன்னொருத்தரை மதம் மாத்துறது உரிமை ஆகாதுன்னு. நான் கேட்டது சட்டம் இல்லைங்க. எங்க அப்பா பேரை ஒரு தடவை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

---

பனங்கூடல் எழுதியது:
வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். கூடல்_வாசி அண்ணை சொன்னதை வாசிக்க எனக்கு அசரியா பேராயற்ற ஞாபகம்தான் வந்தது. கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், தெரிஞ்ச ஆக்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல வெள்ளாளன்விளையில பிறந்தவர், தகப்பன் குருவானவர். 1902ல அவர் இஞ்ச யாழ்ப்பாணம் வந்தவர். வந்த இடத்தில, இஞ்சத்தைய கிறிஸ்தவப் பெடியள் தங்கட காசில தமிழ்நாட்டில தொண்டிக்கு மிஷனரி அனுப்பி நடத்துறதை பாத்தவர். எங்கட ஊருக்கே கடல் கடந்து இவை ஆள் அனுப்பினம், நாங்கள் சும்மா இருக்கிறம் எண்டு அவருக்கு அது நல்லாக் குத்தினது. அடுத்த வருஷமே, 1903 பெப்ரவரி 12, பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினது. ஆக்களும் காசும் இந்தியாவில இருந்துதான் வரவேணும் எண்டது கொள்கை. பிறகு மற்றவையை அனுப்பிப்போட்டு தான் ஊரில இருக்காமல் 1909ல அவரே தோர்ணக்கல்லுக்கு வெளிக்கிட்டார். தெலுங்கு தேசம். மொழியைப் படிச்சு, மாட்டு வண்டியிலயும் சைக்கிளிலயும் ஊர் ஊராப் போனவர். 1912ல ஆங்கிலிக்கன் சபையின்ர முதல் இந்தியப் பேராயர்.

இதில எனக்கு முக்கியமாப் படுறது 1910 எடின்பரோ மாநாடு. உலகத்தின்ர பெரிய மிஷன் ஆக்கள் எல்லாம் இருக்கிற சபையில, 35 வயசுப் பெடியன் எழும்பி நிண்டு, நீங்கள் உங்கட ஆஸ்தியை ஏழைகளுக்குக் குடுத்தியள், உங்கட சரீரத்தைச் சுட்டெரிக்கவும் குடுத்தியள், நாங்கள் அன்பையும் கேக்கிறம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கோ எண்டு சொன்னவர். கைகுலுக்காத, ஒரு மேசையில இருத்திச் சாப்பாடு போடாத மிஷனரிமாரைப் பாத்துச் சொன்னது அது. சபைக்குள்ள கனபேருக்குக் கோவம் வந்ததாம். ஆனா அந்த மாநாட்டில ஆக்கள் இண்டைக்கும் ஞாபகம் வச்சிருக்கிறது அந்தப் பேச்சைத்தான்.

அதே மனுசன்தான் தோர்ணக்கல்லில ஞானஸ்நானம் எடுக்கிற ஆக்களை தங்கட கையைத் தங்கட தலையில வைக்கச் சொல்லி, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" எண்டு சொல்ல வைச்சவர். யோசிச்சுப் பாருங்கோ, அவையில கனபேர் மாலா, மாதிகா எண்ட ஒடுக்கப்பட்ட சாதிச் சனம், ஊருக்கு வெளிய குடியிருந்தவை, எழுத வாசிக்கத் தெரியாது. அவையிட்ட என்ன பிரசங்கம் இருந்திருக்கும்? தங்களுக்கு நடந்ததைச் சொல்லுறதுதான். லேகியோன் எண்ட பேய்க்கூட்டம் பிடிச்சிருந்த மனுசனுக்கு இயேசு சொன்னதும் அதுதானே, உன் வீட்டிற்குப்போய் கர்த்தர் உனக்குச் செய்தவைகளை அறிவி எண்டு.

அதால தம்பி, எனக்கு விளங்கிறது என்னெண்டா, நண்பனாயும் இருக்கவேணும், வாயும் திறக்கவேணும். ஆனா சொல்லுறதுக்கு உங்களுக்கு ஏதும் நடந்திருக்கவேணும். இந்தக் கிழமை ஆண்டவர் உங்களுக்கு என்ன செய்தவர்? அதுக்கு மறுமொழி இல்லையெண்டால் கைப்பிரதியைத்தான் நீட்டவேண்டி வரும்.

---

கவுண்டர்_3 எழுதியது:
பனங்கூடல் அண்ணே, கடைசி வரி குத்திருச்சு. "இந்த வாரம் அவர் எனக்கு என்ன செஞ்சாரு"ன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. கேக்க வேண்டிய இடத்துல நான் போய் உக்காரவே இல்லையே.

இப்ப பிரச்சனை என்னன்னா உக்காந்தாலும் ஒண்ணும் வரமாட்டேங்குது. நேத்து ராத்திரி முழங்கால் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல மைக் பிடிச்சு ஜெபிக்கிற மாதிரி "கிருபையும் இரக்கமும் உள்ள பரலோகப் பிதாவே"ன்னு அதே வார்த்தை அதே ராகத்துல வந்துச்சு, யாரோ கேட்டுட்டு இருக்காங்கங்கிற மாதிரி. அப்படியே எழுந்துட்டேன்.

---

குவைத்_சிஸ்டர் எழுதியது:
தம்பி நான் நர்ஸ். இங்க ட்யூட்டில மத விஷயம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அது ரூல், நான் மீறுறதும் இல்ல. ஊர்ல இருக்கும்போது நானும் உங்களை மாதிரிதான், கன்வென்ஷன் காயர் விபிஎஸ் எல்லாம். இங்க வந்த முதல் வருஷம் எல்லாம் போச்சு. அப்பதான் தெரிஞ்சுச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டா என்கிட்ட ஆண்டவரும் நானும் மட்டும் மிச்சம், எங்க ரெண்டு பேருக்கும் பேசுறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு. ரொம்ப அழுதேன்.

எனக்கு உதவினது ஏசாயா 50:4. "இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தை சொல்ல நான் அறியும்படிக்கு, கர்த்தராகிய ஆண்டவர் எனக்குக் கல்விமானின் நாவைத் தந்தருளினார்". எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அடுத்த வரி பாருங்க, "காலைதோறும் என்னை எழுப்புகிறார்", கேக்குறதுக்கு என் காதை எழுப்புறாருன்னு வருது. நாக்கு வேணும்னா முதல்ல காது, அதுவும் காலைதோறும். மொத்தமா ஒரு கன்வென்ஷன்ல வாங்கி வச்சுக்க முடியாது.

நான் என்ன பண்றேன்னா மார்னிங் ஷிப்டுக்கு பஸ் 5:40க்கு வரும். 4:45க்கு எழுந்து, ரூம்ல இன்னும் மூணு பேர் தூங்குறதால கிச்சன்ல ஸ்டவ் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருவேன். லைட் போட மாட்டேன், போன் வெளிச்சம் மட்டும். ஒரே ஒரு சங்கீதம், உதடு மட்டும் அசையுற சத்தத்துல. என் ஜெபம் வறண்டு போயிருந்தா சங்கீதக்காரனோட வார்த்தையையே என் வார்த்தையா சொல்லுவேன், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்"னு. அப்புறம் அன்னைக்கு என் வார்டுல இருக்க பெட் நம்பர் ஒவ்வொண்ணா. அஞ்சாம் பெட்டுல இருக்கிற தாத்தா நைட்டு தூங்கணும், ஒன்பதாம் பெட்டு பிள்ளைக்கு காய்ச்சல் இறங்கணும். மைக் பிரேயர் வராது தம்பி, ஏன்னா பெட் நம்பருக்கு ராகம் போட முடியாது.

போன வருஷம் ஒரு பேஷன்ட்டோட மகள், வேற மதம், டிஸ்சார்ஜ் அன்னைக்கு என் கையைப் பிடிச்சுட்டு "நீ எங்கம்மாவைத் தொடும்போது உன் வாய் ஏதோ சொல்லுது, என்ன சொல்ற"ன்னு கேட்டா. ட்யூட்டி முடிஞ்சு கேட் வெளிய நின்னு ரெண்டு நிமிஷத்துல சொன்னேன். 1 பேதுரு 3:15ல "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ரெடியா இருங்கன்னுதானே இருக்கு. கேக்குற மாதிரி நம்ம வாழ்க்கை இருந்தாத்தான அந்த வசனத்துக்கு வேலை.

---

எரியும்_விளக்கு எழுதியது:
சிஸ்டர், பெட் நம்பருக்கு ராகம் போட முடியாதுன்னு எழுதினீங்க, நான் என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். பதினோரு வருஷத்துல பஸ் ஸ்டாண்ட்ல நான் குடுத்த ஒருத்தர் பேர் கூட எனக்குத் தெரியாது. அங்க பூக்கட்டுற அம்மா தினமும் என்னைப் பாக்குறாங்க, அவங்க பேர் கூட தெரியாது. நாளைக்குப் போய்க் கேக்குறேன். கைப்பிரதியை விட மாட்டேன், ஆனா கேக்குறேன்.

---

களக்காட்டுப்_பையன் எழுதியது:
டோனாவூர் எங்க ஊர் பக்கம். அங்க பிள்ளைங்களை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டு, 1951ல சாகுற வரைக்கும் ஏறக்குறைய 20 வருஷம் அறையை விட்டு அதிகம் வெளிய வர முடியாம கட்டில்லயே இருந்தாங்க. அதுக்கு முந்தி கிராமம் கிராமமா மாட்டு வண்டில போய்ச் சுவிசேஷம் சொன்னவங்க. கல்லறைல தன் பேர் போட்டுக் கல் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க ஒரு மரத்தடியில பறவை தண்ணி குடிக்கிற தொட்டி வச்சாங்க. கட்டில்ல இருந்த 20 வருஷத்துல ஊழியம் நின்னு போச்சுன்னு எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணே, எழுதினாங்க, ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி ஜெபிச்சாங்க. நீங்க உசிலம்பட்டிக்குப் போறது போகாததை விட இதுதான் பாக்கணும்னு தோணுது. வயசுல சின்னவன், தப்பா இருந்தா மன்னிக்கணும்.

---

நாசரேத்_அக்கா எழுதியது:
தப்பே இல்லடே, நல்லாச் சொன்ன.

கவுண்டர் தம்பி, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். சார்கிட்ட போய் உண்மையைச் சொல்லிருங்க. "ம்"னு சொன்னது பொய்னு சொல்லிருங்க. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பொய்யை உள்ள வச்சிட்டு முழங்கால் போட்டா மைக் குரல்தான் வரும்.

---

கவுண்டர்_3 எழுதியது:
அஞ்சு நாள் ஆச்சு, எழுத முடியல. சொல்றேன்.

அக்கா சொன்ன மறுநாளே சாரைக் கூப்பிட்டு பின்னாடி ரெக்கார்ட் ரூம்ல வச்சுச் சொன்னேன். "சார், அன்னைக்குக் கேட்டீங்கல்ல, நான் பண்ணல. ஒரு நாள் கூட பண்ணல. பொய் சொல்லிட்டேன்". அவர் என்னையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் "இன்னைக்குப் பண்ணுவியா?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி மாடில தண்ணி டேங்க் பக்கத்துல உக்காந்தேன், கீழ வீட்டுல டிவி சத்தம். ஆரம்பிக்கிற வார்த்தையே வேண்டாம்னு "ஆண்டவரே, சாரோட அம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு மேல அழுகைதான் வந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. ரொம்ப நாள் கழிச்சு யாரோ பக்கத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுச்சு. அதை வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைபிள் பைக்குள்ளயே இருந்துச்சு, வெளிய எடுக்கல. அம்மாவுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன், நார் இருந்தா தொண்டைல மாட்டும்னு அவங்க ஒவ்வொரு சுளையா நார் எடுக்கச் சொன்னாங்க, அப்படியே பண்ணேன். நெத்தியில விபூதி, கழுத்துல துளசி மணி. கிளம்பும்போது அவங்களே "அந்தப் பிள்ளைதான நீ"ன்னு கேட்டுட்டு கையை நீட்டினாங்க. கையைப் பிடிச்சு மூணு வரி ஜெபம் பண்ணேன். பக்கத்துக் கட்டில்ல இருந்த பாட்டி எனக்கும் பண்ணுய்யான்னாங்க, அவங்க பேரையும் கேட்டுட்டு வந்தேன்.

உசிலம்பட்டி ஊழியத்துக்குப் போறோம். ஆனா வாலிபர்கிட்ட பேசி முடிவு பண்ணிருக்கோம், போன வருஷம் போன அதே தெருவுக்கே போறோம், யார் வீட்டுல என்னன்னு கேட்டு எழுதிட்டு வர்றதுக்கு.

அம்மாவுக்கு வியாழக்கிழமை காலைல ஆபரேஷன். நெனச்சுக்கோங்க.

---

குவைத்_சிஸ்டர் எழுதியது:
வியாழன் 4:45. எழுதிக்கிட்டேன்.

---

பனங்கூடல் எழுதியது:
நானும்.

---

கூடல்_வாசி எழுதியது:
நான் திருப்பரங்குன்றம் போய் வேண்டிக்கிறேன் தம்பி. நல்லபடியா வரட்டும்.

---

கவுண்டர்_3 எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அஞ்சரை மணி நேரம் ஆச்சு. ராத்திரி கண் முழிச்சுட்டாங்க, இன்னும் ஐ.சி.யூலதான் இருக்காங்க, டாக்டர் ரெண்டு நாள் பாக்கணும்ங்கிறாரு, ஜெபத்தை விட்டுறாதீங்க. கூடல்_வாசி அண்ணே, நீங்க வேண்டிக்கிட்டதை சார்கிட்ட சொன்னேன், அவர் கையெடுத்துக் கும்பிட்டாரு.

சார் இன்னைக்குக் காலைல போன் பண்ணாரு. "தம்பி, அந்த மூணு வரியில இயேசுவேன்னு யாரையோ ரொம்பத் தெரிஞ்ச ஆள் மாதிரி கூப்பிட்ட, அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லு, ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடைல இருக்கேன்"ங்கிறாரு. கேஷ் டேலி பண்ணிட்டு ஆறு மணிக்குக் கிளம்புறேன்.